வவுச்சர் எங்கே?

கைதட்டல் வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால், வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று தெரியாமல் ஒருநாள் முழித்தேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

தர்மபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் என்று ஒரு பேரூர். நண்பர் அங்கே வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தார். போனேன். காலையில் பால் காய்ச்சி, மதியம் பந்தி முடிந்து, பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தோம். நண்பர் என்னை, "சார் பத்திரிகைல எழுதுறவர்" என்று அறிமுகப்படுத்திவிட்டார். போதாதா? நாலைந்து இளைஞர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதில் இரண்டு பேர் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். தினமும் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடுகிற பிள்ளைகள்.

பட்டாளம் பற்றிப் பேச்சு வந்தது. நானும் எடுத்துவிட்டேன்.

"1948-ல காஷ்மீரைக் காப்பாத்தினவர் ஜெனரல் திம்மையா. அவ்வளவு பெரிய வீரரைப் பிரதமர் நேருவும் ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனும் அவமானப்படுத்தினாங்க. மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? ராஜினாமாவை மேஜையில விட்டெறிஞ்சிட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்துட்டார்!"

பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசிலே அடித்தான். "அரசியல்வாதிங்களை எல்லாம் தூக்கிப்போட்டுட்டு மிலிட்டரி கையில நாட்டைக் குடுத்துடணும் சார்" என்றான் இன்னொருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனோ என்னவோ, ஞாபகம் இல்லை. ஆட்டியிருப்பேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கிய நரை மீசை, நாற்காலியில் சாயாத முதுகு. ஓய்வுபெற்ற ஹவில்தார். விசிலடித்த பையனுக்குத் தாத்தா. மெதுவாகக் கேட்டார்:

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. 48-ல கிருஷ்ண மேனன் லண்டன்லல்ல இருந்தாருங்க?"

பந்தலில் சட்டென்று அமைதி.

"திம்மையா தலைமைத் தளபதி ஆனது 57-லங்க சார். தளபதிங்க பேரை எல்லாம் வரிசையா மனப்பாடம் பண்ணச் சொல்வாங்க எங்களை. நீங்க சொன்ன கதையை எதுல பார்த்தீங்க?"

எதில் பார்த்தேன்? யாரோ அனுப்பிய செய்தி. யார்? தெரியாது. ஒரு கல்லூரி விழாவில்கூட இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் கைதட்டல். நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலில் முதல் வகுப்பிலேயே வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரி இன்னும் நினைவிருக்கிறது: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே. பத்து ரூபாய் டீச் செலவுக்கு ரசீது கேட்கக் கற்றுக்கொண்டவன், செத்துப்போன ஒரு பிரதமர் மேல் ஒரு பழியை எழுதும்போது ரசீது கேட்கவில்லை.

சென்னை வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கணக்கைச் சரிபார்த்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் ஊரில் பரப்பியதை நானே வசூல் செய்தாக வேண்டும் இல்லையா?

1948-ல் நமது பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங். கிருஷ்ண மேனன் அப்போது லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனர். திம்மையா அன்று மேஜர் ஜெனரல். காஷ்மீரில் ஒரு டிவிஷனுக்குத் தலைவர். பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஸோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றி, 1948 நவம்பர் 1-ம் தேதி எதிரியைத் திகைக்க வைத்தவர். அந்த வீரம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால், அன்று இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ராய் புச்சர் என்ற ஆங்கிலேயர். நம்மவர் ஒருவர், கரியப்பா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 1949 ஜனவரி 15-ம் தேதி. திம்மையாவின் முறை வந்தது 1957 மே மாதம். மேனன் பாதுகாப்பு அமைச்சரானதும் அதே 1957-ல்தான்.

ராஜினாமா? அது நடந்தது. 1948-ல் அல்ல, 1959 ஆகஸ்ட் 31-ம் தேதி. பதவி உயர்வுகளில் மேனன் தலையிடுகிறார், நடத்தும் விதம் சரியில்லை என்று நீண்ட நாள் புகைச்சல். திம்மையா எழுதிக் கொடுத்துவிட்டார். நேரு கூப்பிட்டுப் பேசினார். திம்மையா ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். அதற்குள் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பர் 2-ம் தேதி நேரு நாடாளுமன்றத்தில் எழுந்து, இது குணாதிசயங்களின் மோதல் என்கிற மாதிரி பேசி, ராஜினாமா கொடுத்தது சரியல்ல என்றும் சொல்லி, சிவில் அதிகாரம்தான் எப்போதும் மேலே என்று அறிவித்தார். திம்மையாவுக்கு அது எப்படி வலித்திருக்கும்? தன்னை நம்பிக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவரை, பொதுச்சபையில் குறை சொன்னால்?

ஆனால், திம்மையா விட்டெறிந்துவிட்டுப் போகவில்லை. இருந்தார். 1961 மே மாதம் பதவிக்காலம் முடியும்வரை, அதே மேனனின் கீழ் வேலை பார்த்தார். பிறகு ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை தாங்க சைப்ரஸ் போய், 1965-ல் அங்கேயே பணியில் இருக்கும்போது இறந்தார்.

இப்போது சொல்லுங்கள். எது பெரிய கதை? கோபத்தில் விட்டெறிந்தவரின் கதையா, அவமானத்தை விழுங்கிக்கொண்டு கடமையில் நின்றவரின் கதையா?

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானில் 1958 அக்டோபரில் தளபதி அயூப்கான் ஆட்சியைப் பிடித்துவிட்டார். பர்மாவில் அதே ஆண்டு தளபதி நீ வின் பிரதமர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். 1962-ல் திரும்ப வந்து மொத்தமாகவே எடுத்துக்கொண்டார். இலங்கையில் 1962 ஜனவரியில் சில ராணுவ, போலீஸ் அதிகாரிகள் முயன்று மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் இப்படி எரியும்போது, இந்தியாவின் மிகப் பிரபலமான தளபதி, தனக்குப் பிடிக்காத அமைச்சருக்கு சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார். நம்முடைய ஓட்டுச்சீட்டு இன்றைக்கும் செல்லுபடியாகிறது என்றால், அதில் அந்த சல்யூட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் பந்தலில் சொன்ன பொய், நேருவை மட்டுமா சிறுமைப்படுத்தியது? திம்மையாவையும்தான்.

உடனே, 'பார்த்தீர்களா, நேரு மேல் தப்பே இல்லை' என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். மேனனின் நிர்வாகத்தைப் பற்றி திம்மையா எழுப்பிய கவலை லேசானது அல்ல. 1962-ல் சீனப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மேனன் பதவி இழக்க வேண்டிவந்தது. நேரு தன் நண்பரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்ததற்கு நாடு விலை கொடுத்தது. இதெல்லாம் வவுச்சர் உள்ள குற்றச்சாட்டுகள். தாராளமாகப் பேசலாம். உண்மையான குறையே இத்தனை இருக்கும்போது, பொய் எதற்கு?

இந்தக் கதை டீக்கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2018 மே மாதம் கர்நாடகத் தேர்தல் பிரசாரத்தில், கலபுர்கியில், பிரதமர் நரேந்திர மோடியே 1948, திம்மையா, நேரு, மேனன் என்று இதே வரிசையில் பேசினார். மறுநாளே பத்திரிகைகள் தேதிகளை எடுத்துவைத்துத் தப்பைச் சுட்டிக்காட்டின. பிரயோசனம்? பேச்சைக் கேட்டவர்கள் எத்தனை பேர், திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நான் படிக்காத ஆள்களில் ஒருத்தன். பத்திரிகைக்காரன் வேறு!

ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு கட்சி ஆபீஸிலும் இப்படி ஒரு கதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அடுத்த கட்சி ஆபீஸில் மாட்டியிருப்பது மட்டும்தான் நம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும்.

தலைவர்களையும் ராணுவத்தையும் பற்றி மட்டும் ஏன் இத்தனை வதந்தி? யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் ரொம்ப எளிமையானது. அவர்கள் திருப்பிப் பேச மாட்டார்கள்.

இறந்துபோன தலைவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. பணியில் இருக்கிற சிப்பாய் மறுக்கக் கூடாது. ஆமாம், சட்டமே அப்படி. நமக்கெல்லாம் இருக்கிற பேச்சுரிமையை ராணுவத்தினருக்குக் குறைத்துக்கொள்ள அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு இடம் தருகிறது. 1950-ம் வருட ராணுவச் சட்டமும் அதன் விதிகளும், அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது, அரசியலில் ஈடுபடக் கூடாது என்கின்றன. அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டிருப்பதால்தான் நாம் நிம்மதியாக வாயைத் திறக்கிறோம். அந்த மௌனத்தைக் கேடயமாக எடுத்துக்கொண்டு, அவர்கள் பெயரிலேயே நாம் கதை விடுவது என்ன நியாயம்? பதில் சொல்ல முடியாதவனைப் பற்றிப் பேசும்போது, விசாரிக்கிற வேலை பேசுகிறவன் தலையில்தானே விழும்?

'அப்படியானால் காதில் விழும் எதையும் நம்பாதே, எல்லாம் வதந்தி என்று தள்ளிவிடு' என்கிறீர்களா? அங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவர்கள் கதை கம்பைநல்லூருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகப் போனால் வேலூர்க் கோட்டை.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருக்கும், தோலில் ஒரு அலங்காரம் வேறு. அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்றும் கட்டளை. பாசறைகளில் கிசுகிசு கிளம்பியது. 'அது மாட்டுத் தோல், இல்லையில்லை பன்றித் தோல். தொப்பியை மாட்டிவிட்டு அடுத்தது நம்மைக் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள்!' மதம் மாற்றும் திட்டம் எதுவும் கம்பெனியிடம் இல்லை. ஆனால் தலைப்பாகை உண்மை, உத்தரவு உண்மை, அவமானம் உண்மை. மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்ததும் உண்மை. வதந்தி வெறுங்காற்றில் பிறப்பதில்லை. யாரும் பதில் சொல்லாத கேள்வியில் பிறக்கிறது.

1806 ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டையில் சதி நடக்கிறது என்று ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சொன்னார். நம் கண்ணுக்கு அவர் காட்டிக்கொடுத்தவர். அது இருக்கட்டும். நிர்வாகம் என்ன செய்தது பாருங்கள். இந்திய அதிகாரிகளையே கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னது. அவர்களில் பலர் சதியில் இருந்தவர்கள்! 'ஐயா, இவன் பைத்தியம்' என்றார்கள். முஸ்தபா பேக்கைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று. வதந்தி முறியடிக்கப்பட்டது. ஃபைல் மூடப்பட்டது.

ஜூலை 10-ம் தேதி விடிவதற்குள் கோட்டை எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தார். பிறகு தலைப்பாகை உத்தரவு வாபஸ். கவர்னர் பென்டிங்க், தளபதி க்ராடக் இருவரையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. 'பைத்தியம்' முஸ்தபா பேக்குக்குப் பரிசுப் பணம்!

வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடுவது தப்பு. வவுச்சரைப் பார்க்காமலே என்ட்ரியை அடிப்பதும் அதே தப்புதான். சந்தேகத்துக்குரியவனையே ஆடிட்டராக வைத்தால் கணக்கு எப்போதும் டேலி ஆகும்.

கொஞ்சம் கிட்டத்தில் வருவோம். 2012 ஏப்ரல் 4-ம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' முதல் பக்கத்தில் ஒரு செய்தி. அந்த ஜனவரி 16-ம் தேதி இரவு, ஹிசாரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் இரண்டு படைப்பிரிவுகள் அரசுக்குச் சொல்லாமல் டெல்லியை நோக்கி நகர்ந்தன. அரசு கலங்கிப்போனது என்று. அதே ஜனவரி 16-ல்தான் தளபதி வி.கே. சிங் தன் பிறந்த தேதிப் பிரச்னைக்காக உச்ச நீதிமன்றம் போயிருந்தார். நாட்டில் ராணுவப் புரட்சியா? பிரதமர் மன்மோகன் சிங், பீதி கிளப்பும் செய்தி என்றார். பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மறுத்தார். பனிமூட்டத்தில் படைகளைத் திரட்டிப் பார்க்கும் வழக்கமான பயிற்சி என்றது ராணுவம்.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? அன்று ராணுவ நடவடிக்கைகளுக்குத் தலைமை இயக்குநராக இருந்த ஏ.கே. சௌத்ரி, ஓய்வுபெற்ற பிறகு 2014-ல் வாய் திறந்தார். நள்ளிரவில் பாதுகாப்புச் செயலாளர் தன்னைக் கூப்பிட்டு, படைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னதாகவும், இரு தரப்புக்கும் நடுவே அவநம்பிக்கை இருந்ததாகவும் சொன்னார். புரட்சி என்றவர்களுக்கும் ஆதாரம் இல்லை. ஒன்றுமே இல்லை என்றவர்களும் முழுசாகச் சொல்லவில்லை. உண்மை நடுவில், கொஞ்சம் சங்கடமான முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

கணக்குப் பதிவியலில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! வரவா செலவா தெரியாத தொகையை இஷ்டத்துக்கு ஒரு பக்கம் தள்ளக் கூடாது. சஸ்பென்ஸில் வைத்து, ஆதாரம் கிடைத்ததும் சரியான தலைப்புக்கு மாற்ற வேண்டும். 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொல்வது கோழைத்தனம் அல்ல. அது ஒரு முறையான கணக்குத் தலைப்பு. ஒரே நிபந்தனை, தொகையை அங்கேயே தூங்கவிடக் கூடாது. தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மானெக் ஷா கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குன்னூரில் நம் பக்கத்தில் வாழ்ந்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த ஃபீல்டு மார்ஷல். ராணுவப் புரட்சி வரப்போகிறதாமே என்று இந்திரா காந்தி தன்னிடம் கேட்டதாகவும், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், என் வேலையை நான் பார்க்கிறேன் என்று தான் சொன்னதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அருமையான கதை. ஆனால் சாட்சி அவர் ஒருவர்தான். இனிமேல் இதைச் சொல்லும்போது, 'மானெக் ஷா சொன்னது' என்று சேர்த்தே சொல்வேன். ருசி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கம்பைநல்லூருக்குத் திரும்புவோம். பந்தலில் நான் அசடு வழிந்தபோது, பெரியவர் என்னை விடவில்லை. விசிலடித்த பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டேய் கண்ணு, நான் ஸ்ரீலங்காவுக்குப் போனவன். தெரியுமில்ல? என்கூட வந்தவங்க எல்லாரும் திரும்பி வரல. 90 மார்ச்சுல மெட்ராஸ் ஹார்பர்ல இறங்கினப்போ நம்ம முதலமைச்சர் வரல. அது நிஜம். நானே பார்த்தது. எனக்கு இன்னும் நெஞ்சுல இருக்குது."

அது வவுச்சர் உள்ள வரலாறு. 1987-ல் போன இந்திய அமைதிப் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்து, 1990 மார்ச்சில் திரும்பியது. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கப் போகமாட்டேன் என்பது அன்றைய முதல்வர் கருணாநிதியின் நிலை. அதற்கு அவர் பக்கத்தில் நியாயம் சொன்னவர்கள் இருந்தார்கள். ஈழத்தில் வீடு இழந்தவர்களின் கதை இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயின் நெஞ்சில் வேறொரு கதை இருந்தது.

"தாத்தா, அப்ப நான் சொன்னது சரிதானே? மிலிட்டரியே ஆளட்டும்னு..." என்று இழுத்தான் பேரன்.

பெரியவர் சிரிக்கவில்லை. "அவரு வரலைன்னு எனக்குக் கோவம். அதுக்காகத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிக்கிறதா? ஓட்டுப் போடுற அன்னிக்கு என் கோவத்தைக் காட்டிக்கிட்டேன். உனக்கு ட்ரெய்னிங்ல முதல்ல சொல்லித் தர்றது சுடறதுக்கு இல்ல கண்ணு. எப்ப சுடக் கூடாதுங்கறதுக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த வாக்கியத்தை நான் பஸ்ஸில் வரும்போது டைரியில் எழுதிக்கொண்டேன்.

"நிஜமான கோவமே எனக்கு நிறைய இருக்குதுங்க சார். பொய்யான கோவம் எனக்கு எதுக்கு?"

நீங்கள் அடுத்த முறை ஒரு செய்தியை அழுத்தி நாலு பேருக்கு அனுப்பும் முன்னால், எதிர்க்கட்சிக்காரன் அனுப்பியதா என்று பார்க்காதீர்கள். அவன் பொய்யைக் கண்டுபிடிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். படித்ததும் மனசுக்குள் ஜில்லென்று இருந்ததா, 'அப்படிப் போடு' என்று தோன்றியதா என்று பாருங்கள். தோன்றியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நமக்குப் பிடித்த பொய்யிடம் ரசீது கேட்பதுதான் நேர்மை. பிடிக்காததிடம் கேட்பது வெறும் சண்டை.

அந்தக் கல்லூரியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். திம்மையா பற்றி அன்று நான் சொன்னது தவறு, சரியான தேதிகள் இவை, மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டு. பதில் இன்னும் வரவில்லை. ஒருவேளை வாசித்திருக்கலாம். வாசித்திருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

பரவாயில்லை. கணக்கு நேரானதற்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.